அறைக்குள் முப்பது அந்தர்

மாசிக் கடைசியில் கிழங்கு கிண்டினோம்.
அதே கிழமைதான் எனக்கு நாள் தள்ளினதும் உறுதியானது.
இரண்டுக்கும் வீட்டில் இடம் ஒன்றே இருந்தது:
வடக்குப் பக்க அறை,
பூச்சுக் காணாத சுவர்,
ஏணை கட்டவென்று வளையில் விட்ட கொளுக்கி.

மருதனார்மடத்தில் கிலோவுக்குக் கேட்ட விலை
விதைக்குக் கொடுத்த காசின் கிட்டவும் வரவில்லை.
கப்பலில் வந்த கிழங்கு சந்தை முழுக்க.
"வரி போடுவாங்கள், பொறு" என்றான் பிரணவரூபன்.
நாங்கள் பொறுப்போம்.
கிழங்கு பொறுக்குமா?

போன வருசம் மருந்துத் தூள் தூவினோம்,
முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி.
அந்து வரவில்லை. வாங்கினவனும் ஒன்றும் கேட்கவில்லை.
எங்களுக்கென்று எடுத்த ஒரு கடகத்தை மட்டும்
மூன்று தண்ணியில் கழுவினேன்.
மிச்சம் இருபத்தொன்பது அந்தரை
யார் எத்தனை தண்ணியில் கழுவினார்களோ.
அப்போது அது எனக்குத் தோன்றவில்லை.
இந்த வருசம் தோன்றியது,
சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்த ஒரு மத்தியானம்.

விவசாயப் போதனாசிரியை மோட்டார் சைக்கிளில் வந்தா.
ஹெல்மெற்றைக் கழற்றாமலே சொன்னா:
"கழுவாதேங்கோ. மண்வெட்டி பட்டதை உள்ளுக்கு விடாதேங்கோ.
பத்து நாள் நிழலிலை கிடந்து தோல் முத்தட்டும்.
பிறகு நாயுண்ணி இலை, காய்ஞ்சது, அடுக்குக்கு அடுக்கு."
"நாயுண்ணியோ? ஆடு கூட வாய் வையாதே!"
"அதுதானே" என்றா. "அந்தும் யோசிக்கும்."

கோண்டாவில் றெயில் பாதையோரம்
அவன் வெட்டிக் கட்டி வந்தான் நான்கு சைக்கிள் பாரம்.
கையெல்லாம் கீறல். வேப்பிலையும் கொஞ்சம், நம்பிக்கைக்கு.
மேலே இரண்டு விரல் உயரம் மணல்:
சுவர் பூசவென்று ஏற்றிய மணல்.
யன்னலுக்குச் சாக்கு, காற்றுக்கு ஓட்டை.

பிறகுதான் என் மூக்கு வேலைக்கு வந்தது.
மசக்கை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால்
எனக்கு இங்கே குடல் புரளும்.
ஓர் இரவு, இரண்டு மணி, எழுப்பினேன்:
"இடது மூலை. இரண்டாம் அடுக்கு. ஒண்டு பழுதாப் போச்சு."
"உனக்கு விசர்" என்று ரோச் எடுத்துப் போனான்.
மணலை ஒதுக்கி, இலையை நீக்கி,
திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில்
ஒரு கிழங்கு, நகக்கண் அளவு ஈரம்.
ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டிப் பிடித்திருந்தான்.

அதன்பின் தினமும் வாசலில் நின்று
மூச்சை இழுப்பேன், சொல்லுவேன், சத்தியெடுப்பேன்.
ஊருக்குள் கதை போய்
கனகேந்திரத்தார் ஓட்டோ அனுப்பினார்,
தன் கொட்டிலையும் ஒருக்கால் மணந்து பார்க்கட்டாம்.
போனேன். ஏழு கண்டுபிடித்தேன்.
கூலியாக ஒரு சீப்பு இதரை வாழைப்பழம்.

சித்திரை வருசம் கழிந்து பத்தாம் நாள்
காலையில் எழும்பினேன், பசித்தது.
பாணும் சம்பலும் நன்றாக இறங்கியது.
எல்லாரும் சந்தோசப்பட்டார்கள்.
மூன்று நாளாய்க் கிழங்கறை எனக்கு
வெறும் காய்ந்த இலை மணந்தது.
நாலாம் நாள் சீமெந்துத் தரையில்
கறுப்பாய் ஒரு கோடு நீர்
கதவுக்கு அடியால் வெளியே வந்திருந்தது.
கிண்டக் கிண்டப் பதினொரு கிழங்கு, களி.
கழுவி முடித்துக் கிணற்றடியில் இருந்து அழுதேன்.
கிழங்குக்காகத்தான்.
அவன் நம்பவில்லை.

வைகாசியில் வரி போட்டார்கள்.
லொறி வந்தது. முப்பதில் இருபத்தாறரை நின்றது.
வாங்கினவன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான்:
"என்ன மருந்து போட்டனீங்கள்? வெள்ளையே இல்லை?"
"மருந்து இல்லை."
நம்பாமல் சாக்கை உதறினான். சருகு கொட்டியது.
"இலைக்கும் மண்ணுக்கும் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பன்."
கழித்தான்.

இப்போது அறை வெறுமை.
மணலைச் சலித்து ஓரமாய்க் குவித்திருக்கிறோம்;
மேசன் அடுத்த கிழமை வாறானாம்.
அரிதட்டில் தங்கிய சருகுக்குள்
சோளப்பொரி அளவில் ஒரு கிழங்கு,
ஊதா முளை விட்டபடி.
எறியவில்லை.
கறிக்கும் காணாது, விதைக்கும் காணாது.
யன்னல் கட்டில் கிடக்கிறது,
கொளுக்கிக்கு நேர் கீழே.